ஜெர்மானியமும் பாலக்காட்டு வெயிலும்

மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து, கரகரப்பும் நீண்ட ரீங்காரமும் உடைய வேறொரு ஒலியாக மாற்றித் தரும் காலடிக் கருவிக்கு ஃபஸ் பெடல் என்று பெயர். கிதாரின் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில், அதாவது பிக்கப்பில், தோன்றும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்ற அளவிலேயே இருக்கும். அந்தச் சிற்றலையை ஒரு டிரான்சிஸ்டர் சுற்று, தன் பேட்டரி தரக்கூடிய எல்லையையும் தாண்டிப் பெருக்க முற்படும்போது, அலையின் முகடும் பள்ளமும் வெட்டுண்டு தட்டையாகின்றன. வெட்டுண்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் சேர்ந்துகொள்வதால், மெல்லிய கம்பியொலி தடித்துச் சீறத் தொடங்குகிறது.

இந்த ஒலி பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவு செய்தபோது, ஒலிக்கலவை மேசையின் தடம் ஒன்று கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் பகுதி கரகரத்துப் பதிவானது. அதை அழிக்காமல் விட்டுவைத்த ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, பின்னர் அதே கெடுதலைத் தரும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை உருவாக்கினார். அது 1962இல் கிப்சன் நிறுவனத்தின் வழியாக மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றின் தொடக்கத்தில் அது முழங்கிய பிறகே உலகம் அதைக் கவனித்தது. பழுதைப் போலச் செய்வதற்கென்றே பிறந்த கருவியில் உண்மையான பழுது நேரும்போது காதை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். கரகரப்பு கருவியின் குணமா, உள்ளே அறுந்து தொங்கும் கம்பியின் வேலையா என்பதை மல்டிமீட்டரின் முள்ளோ எண்ணோதான் சொல்ல முடியும். பழைய பெடல்களைப் பழுது பார்ப்பவர்களில் பலர் முதலில் டிரான்சிஸ்டரைச் சந்தேகித்து, அதைப் பிடுங்கி மாற்றி, நல்ல உறுப்பையும் கெடுத்துவிட்டுக் கடைசியில்தான் கம்பிக்கு வருகிறார்கள். தேட வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தக்கது, 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்டு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் என்னும் வட்ட வடிவப் பெடல். அதன் சுற்றுப்பலகையிலும் கட்டுப்பாட்டுக் குமிழ்களிலும் உள்ள உறுப்புகள் மொத்தம் 11 மட்டுமே: இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், 33 கிலோஓம், 8.2 கிலோஓம், 470 ஓம், 100 கிலோஓம் என நான்கு மின்தடைகள், 2.2 மைக்ரோஃபாரட், 20 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் என மூன்று மின்தேக்கிகள், ஃபஸ் அளவைக் கூட்டிக் குறைக்கும் 1 கிலோஓம் கன்ட்ரோல், ஒலியளவுக்கான 500 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல். டிரான்சிஸ்டருக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று மூன்று முனைகள் உண்டு. அடிவாயில் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டம் ஏற்பானில் செல்லும் பெரிய மின்னோட்டத்தை ஆள்வதே பெருக்கம் எனப்படுகிறது. முதல் டிரான்சிஸ்டரின் ஏற்பான் நேரே இரண்டாவதன் அடிவாயோடு இணைந்திருக்க, இரண்டாவதன் உமிழ்ப்பானிலிருந்து 100 கிலோஓம் தடை வழியாக ஒரு பங்கு மின்னோட்டம் முதலாவதன் அடிவாய்க்கே திரும்பி வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த அமைப்பால், எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் பிசகு எல்லா முனைகளின் அளவுகளிலும் தென்படும்.

இதில் புதியவரைத் தடுமாற வைக்கும் செய்தி ஒன்று உண்டு. இந்தப் பெடலில் உள்ளவை பி.என்.பி. வகை டிரான்சிஸ்டர்கள் என்பதால், இன்றைய கருவிகளில் எதிர்முனை எர்த்தாக இருப்பதற்கு மாறாக, 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையே உலோகக் கூட்டோடு, அதாவது எர்த்தோடு, இணைக்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கூட்டில் வைத்து அளந்தால் எல்லா அளவுகளும் கழித்தல் குறியோடுதான் வரும். பேட்டரியை யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று எண்ணிக் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தவர்களின் கைவேலை பழைய பெடல்கள் பலவற்றுக்குள் காணக் கிடைக்கிறது.

லண்டனின் மிதமான தட்பவெப்பத்தில் வடிவமைக்கப்பட்ட இக்கருவி, கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்குப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வாளையாரைத் தாண்டும்போது, இரண்டு கடுமையான பருவங்களுக்கு ஆளாகிறது. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலில் வாளையார் நிற்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு மாவட்டத்தின் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தை இந்தக் கணவாய் வழியாகவே கிழக்கே தள்ளுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுத்தப்பட்டிருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். வெப்பம் ஜெர்மானியத்தைப் பாதிக்கிறது, ஈரம் கம்பியையும் தொடுமுனைகளையும் அரிக்கிறது. நெம்மாறை வல்லங்கி வேலா போன்ற திருவிழாக்களும் அவற்றை ஒட்டிய கானமேளாக்களும் கடும் வெயில் காலத்திலேயே நடைபெறுவதால், மேடைக் கருவிகளுக்கு அதிக வேலையும் அதிக வெப்பமும் ஒரே சமயத்தில் வாய்க்கின்றன. மிருதங்கத்துக்கு ஒலிபெருக்கியே வேண்டாம் என்று உறுதியாக நின்ற மிருதங்க வித்துவான் மணி ஐயரைத் தந்த பாலக்காடு, இந்தத் தொல்லைகளை ஒருவேளை முன்கூட்டியே அறிந்திருந்ததோ என்று வேடிக்கையாகக் கேட்கத் தோன்றும்.

கெட்டுப்போன பெடலின் மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் மேல் அமரும் கிளிப்பையும் அதிலிருந்து புறப்படும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளையும்தான். ஒவ்வொரு முறை பேட்டரியை மாற்றும்போதும் வளைந்து நிமிர்வன அவை மட்டுமே. பல இழைக் கம்பியைப் பற்றவைக்கும்போது உருகிய ஈயம் இழைகளுக்கிடையே சிறிது தூரம் ஏறி உறைந்துவிடுகிறது. உறைந்த பகுதி விறைப்பாகவும் அதற்கப்பால் உள்ள பகுதி நெகிழ்வாகவும் இருப்பதால், வளைவின் சுமை முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் விழுந்து, மேலே பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்க, உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. பார்வைக்கு முழுசாகத் தோன்றும் இத்தகைய கம்பியை மெல்ல இழுத்துப் பார்த்தால் உறை மட்டும் ரப்பரைப் போல நீளும். இழை அறுபடாத கம்பி நீளாது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில், பேச்சுவழக்கில் பீப் சத்தம் வரும் நிலையில், வைத்து இரு முனைகளையும் தொட்டுக்கொண்டே கம்பியை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வருவது லூஸ் கான்டாக்டின் சான்று. இச்சோதனையைப் பேட்டரியைக் கழற்றிய பின்பே செய்ய வேண்டும்.

பேட்டரி கசிந்த பெடலில் சேதம் கிளிப்போடு நிற்பதில்லை. மலிவு விலைத் துத்தநாக-கார்பன் பேட்டரியிலிருந்து வழியும் அமிலத்தன்மையுள்ள குளோரைடு கரைசலும், ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வழியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் உறைக்குள்ளே செம்பிழைகளின் இடைவெளியில் ஊர்ந்து நெடுந்தூரம் போகின்றன. அப்படிப்பட்ட கம்பியின் உறையைச் சீவினால் செம்பின் பளபளப்புக்குப் பதிலாகக் கறுப்பு அல்லது பச்சைப் படலம் தெரியும். அதன்மேல் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போவதும், அது தெரியாவிட்டால் கம்பியையே மாற்றுவதும்தான் வழி. உலோகக் கூட்டில் படிந்த ஆல்கலைன் வெண்பொடியைச் சில துளி வினிகராலும், துத்தநாக-கார்பன் கசிவைச் சமையல் சோடா கரைத்த நீராலும் நடுநிலையாக்கித் துடைத்து உலர்த்தலாம்.

அடுத்த சோதனை பெடல் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பது. இது நாடி பார்ப்பதற்கு நிகரானது. ஒரே அளவில் பாதிச் செய்தி கிடைத்துவிடும். பேட்டரியின் ஒரு முனையை மட்டும் கிளிப்பில் மாட்டி, கிளிப்பைச் சற்றுத் திருப்பி விலக்கி, மற்ற முனைக்கும் கிளிப்புக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லியாம்பியர் நிலையில் சேர்க்க வேண்டும். உள்ளீட்டு ஜாக்கில் பின் செருகப்பட்ட ஃபஸ் ஃபேஸ், அரை மில்லியாம்பியருக்கும் ஒரு மில்லியாம்பியருக்கும் இடைப்பட்ட அளவை இழுக்கும். ஒன்றுமே இழுக்கவில்லை என்றால் பேட்டரிப் பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது. பத்து, இருபது மில்லியாம்பியர் என்று ஏறினால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. சரியான அளவு வந்தும் ஒலி வரவில்லை என்றால் பழுது ஒலி செல்லும் பாதையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரிப் பாதை அறுபடும் இடங்களில் கிளிப்புக்கு அடுத்தது உள்ளீட்டு ஜாக். பழைய பெடல்களுக்குத் தனி ஆன்-ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. உள்ளீட்டு ஜாக்கே அந்த வேலையைச் செய்கிறது. அங்கே பொருத்தப்பட்டிருப்பது நுனி, வளையம், உடல் என மூன்று தொடுமுனைகள் கொண்ட ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் நேர்முனை வளையத் தொடுமுனையில் வந்து நிற்கும். இந்தியச் சந்தையில் பி-38 என்று கேட்டு வாங்கப்படும் சாதாரண மோனோ பின்னைச் செருகும்போது, வளையம் இருக்க வேண்டிய இடத்திலும் அதன் உடல் உலோகமே இருப்பதால், வளையமும் எர்த்தும் இணைந்து மின்சுற்று முழுமையடைகிறது. எளிய, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது. ஆனால் வளையத்தின் உலோக நாக்கு தளர்ந்தாலோ, அதன்மேல் பச்சைப் படலம் படர்ந்தாலோ பெடல் செத்துப்போனதாகத் தோன்றும். ஸ்டீரியோ பின் உள்ள கேபிளைத் தவறுதலாகச் செருகினாலும் அதே கதைதான். ஒரு நல்ல பெடல் கேபிள் மாறியதால் மட்டும் பழுது பார்க்கும் மேசைக்கு வருவது அரிதான நிகழ்ச்சி அன்று.

பெடலை இயக்கவும் விலக்கவும் காலால் மிதிக்கும் ஸ்விட்சில் ஆறு முனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். நடுவிலுள்ள இரண்டும், ஒரு மிதிக்கு ஒரு பக்கமும் மறு மிதிக்கு மறு பக்கமுமாக இணையும். விலக்கிய நிலையில் கிதாரின் ஒலி பெடலின் சுற்றைத் தொடாமல் ஜாக்கிலிருந்து ஜாக்குக்குப் போய்விடுவதால், அப்போது ஒலி சரியாக வந்தால் கேபிள்கள், இரண்டு ஜாக்குகள், ஸ்விட்சின் ஒரு பாதி ஆகியவற்றின் மீதான சந்தேகம் ஒரே அடியில் நீங்குகிறது. விலக்கிய நிலையிலும் ஒலி இல்லையென்றால் சுற்றுப்பலகையைப் பார்ப்பதே வீண். ஸ்விட்சுக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சுத் தொடுமுனைகள் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து கறுக்கும். மல்டிமீட்டரில் அரை ஓமுக்குக் கீழே காட்ட வேண்டிய தொடுமுனை, பல மிதிகளுக்குப் பல விதமாக, சில நூறு ஓம் வரை மாறி மாறிக் காட்டினால் அதைச் சுத்தம் செய்து பார்த்து, தேறாவிட்டால் மாற்ற வேண்டும்.

இரைச்சலைக் கேட்டு இடத்தைச் சொல்லக்கூடிய தருணமும் ஒன்று உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. எர்த் கம்பி விட்டுப்போன ஜாக்கோ, காப்புறை அறுந்த கேபிளோ சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் புலத்தை நேரே உள்வாங்கி 50 ஹெர்ட்ஸில் முனகும். அடாப்டரின் உள்ளிருக்கும் மின்தேக்கி கெட்டுப்போனால் அந்த முனகல் 100 ஹெர்ட்ஸில், அதாவது ஒரு ஸ்தாயி மேலே, கேட்கும். மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடும் அடாப்டரில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு மேடுகள் உண்டாவதே காரணம். சுருதி அறிந்த காதுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். ஆனால் ஃபஸ் முழு அளவில் இருக்கும்போது அதுவே மேற்சுரங்களைச் சேர்த்துக் குழப்பிவிடும் என்பதால், ஃபஸ் அளவைக் குறைத்து வைத்துத்தான் இதைக் கேட்டறிய வேண்டும். எர்த் விட்டுப்போன பெடல், வலுவான மத்திய அலை ஒலிபரப்பு எட்டும் இடங்களில் வானொலி நிகழ்ச்சியைக்கூட ஒலிக்கவிடும். நீண்ட கம்பி ஆன்டெனாவாகிவிட, டிரான்சிஸ்டரின் அடிவாய்ச் சந்தி வானொலிப் பெட்டியின் டையோடு செய்யும் அதே வேலையைத் தானே செய்வதால் நேரும் விந்தை அது.

கம்பி, ஜாக், ஸ்விட்ச் எல்லாம் தேறிய பிறகே டிரான்சிஸ்டர்களின் முறை வருகிறது. ஃபஸ் ஃபேஸில் எல்லாவற்றிலும் முக்கியமான அளவு இரண்டாவது டிரான்சிஸ்டரின் ஏற்பானில் உள்ள மின்னழுத்தம். அது பேட்டரியின் பாதியை ஒட்டி, ஏறத்தாழ 4.5 வோல்ட்டில் நின்றால் அலையின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் ஓரளவு சமமான இடம் கிடைக்கும். (கழித்தல் குறியை இங்கே விட்டுவிடலாம்.) பாலக்காட்டு வெயில் வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

குறைகடத்திப் பொருள் எதுவாயினும் வெப்ப ஆற்றலால் சில எலக்ட்ரான்கள் தாமாகவே விடுபட்டு, யாரும் கேட்காத சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. இதற்குக் கசிவு மின்னோட்டம் என்று பெயர். எலக்ட்ரானை விடுவிக்கச் சிலிக்கனில் தேவைப்படும் ஆற்றலைவிட ஜெர்மானியத்தில் தேவைப்படும் ஆற்றல் குறைவு. எனவே சிலிக்கனில் பொருட்படுத்தத் தேவையில்லாத கசிவு, ஜெர்மானியத்தில் மைக்ரோஆம்பியர் கணக்கில் இருக்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி வெப்ப உயர்வுக்கும் அது இரு மடங்காகிறது. இதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கால் காணலாம். 25 டிகிரியில் முதல் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு 4.5 மைக்ரோஆம்பியர் தேவை என்றும், அதன் கசிவு 0.5 மைக்ரோஆம்பியர் என்றும் கொண்டால், மீதி 4 மைக்ரோஆம்பியர் 100 கிலோஓம் தடை வழியாக வந்தாக வேண்டும், அதற்கு 0.4 வோல்ட் தேவை. அடிவாய்ச் சந்திக்குரிய 0.1 வோல்ட்டையும் சேர்த்தால், இரண்டாவது உமிழ்ப்பான் 0.5 வோல்ட்டில் நிற்கும். அந்த உமிழ்ப்பானிலிருந்து எர்த்துக்கு 1 கிலோஓம் இருப்பதால் அதில் செல்வது 0.5 மில்லியாம்பியர், அதே மின்னோட்டம் ஏற்பான் பக்கத்தில் 8.2 கிலோஓமும் 470 ஓமும் சேர்ந்த 8.67 கிலோஓமில் 4.3 வோல்ட்டை இழக்கச் செய்ய, ஏற்பான் 4.7 வோல்ட்டில் அமர்கிறது. சரியான இடம்.

இனிப் பெடலின் உட்புறம் 45 டிகிரியானால் கசிவு நான்கு மடங்காகி 2 மைக்ரோஆம்பியராகிறது. அடிவாயின் தேவையில் ஏறக்குறையப் பாதியைக் கசிவே நிறைவேற்றிவிடுவதால் 100 கிலோஓம் வழியே வருவது 2.5 மைக்ரோஆம்பியராகக் குறைகிறது. அடிவாய்ச் சந்தியின் மின்னழுத்தமும் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் சரிகிறது. இரண்டாவது உமிழ்ப்பான் 0.3 வோல்ட்டுக்கு இறங்க, ஏற்பான் 6.3 வோல்ட்டுக்கு ஏறுகிறது. கண்ணாடி ஏற்றிய காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால் உள்ளே 55 டிகிரியை எட்டுவது எளிது. அப்போது கசிவு 4 மைக்ரோஆம்பியராகி, ஏற்பான் 8 வோல்ட்டைத் தாண்டிவிடும். அந்நிலையில் அலையின் ஒரு பாதிக்கு இடமே இல்லாமல் போகும். பலமாக மீட்டினால் மட்டும் ஒலி துப்பித் துப்பி வரும், மெல்ல மீட்டினால் மௌனம். கேட்பவருக்கு இது அறுந்த கம்பியின் குறியாகவே தோன்றும். இரவில் குளிர்ந்ததும் பெடல் தானாகவே குணமாகிவிடுவதால், பகலில் கம்பியைத் தொட்டுப் பற்றவைத்தவர் தன் கைவேலையால்தான் சரியானது என்று நம்பிவிடவும் கூடும்.

வெப்பத்தின் வேலையா, கம்பியின் வேலையா என்று பிரித்தறிய மல்டிமீட்டரை இரண்டாவது ஏற்பானில் வைத்தபடியே முதல் டிரான்சிஸ்டரின் உலோகக் குப்பியை இரு விரல்களால் பிடித்துக்கொள்வது வழக்கமான சோதனை: விரலின் சூடு ஏற ஏற எண்கள் மெல்ல உயரும், விட்டதும் இறங்கும். இது ஊட்டியில் பலிக்கும். ஏப்ரல் மதியத்தில் வாளையாரில், காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது, விரல் பட்டால் டிரான்சிஸ்டர் குளிரத்தான் செய்யும். அங்கே பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, அதன்மேல் உலர்ந்த துணி சுற்றிக் குப்பிக்கு அருகே பிடிப்பதே பொருத்தம். மின்னழுத்தம் சீராக இறங்கி 4.5 வோல்ட்டை நோக்கி வந்தால் குற்றவாளி வெயில். எண்கள் சீராக நகராமல் திடீர் திடீரெனத் தாவினால், டிரை சால்டர் என்று மெக்கானிக்குகள் சொல்லும், உறைந்தும் ஒட்டாத பற்றவைப்பையோ அறுந்த கம்பியையோ தேட வேண்டும்.

1960களின் இறுதியில் ஃபஸ் ஃபேஸ் சிலிக்கன் டிரான்சிஸ்டர்களுக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் ஜெர்மானியத்தின் மென்மையான கரகரப்பு வேண்டும் என்போர் இன்றும் பழையதையே நாடுகிறார்கள். அவர்களுக்கு இந்தியாவில் ஒரு வசதி உண்டு. 1954இல் தொடங்கப்பட்ட பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இலேயே ஜெர்மானியம் குறைகடத்திகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஃபஸ் ஃபேஸ்களில் காணப்படும் ஏசி 128 வகையையும் அது செய்தது. நம் வீடுகளில் ஒலித்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் கடைசிக் கட்டத்தில், ஒலிபெருக்கிக்குச் சற்று முன்னால் இருந்தவை அவை. பரணில் கிடக்கும் ரேடியோவிலிருந்தோ, சென்னை ரிட்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளிலிருந்தோ எடுத்தவற்றை அளக்காமல் பொருத்தக் கூடாது. ரேடியோவில் ஒரு டிரான்சிஸ்டர் நன்றாக வேலை செய்தது என்பதால் பெடலிலும் அப்படியே செய்யும் என்று உறுதியில்லை. அங்கே கசிவைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அளக்கும் முறை எளியது. அமெரிக்கப் பொறியாளர் ஆர். ஜி. கீன் பரப்பியது. உமிழ்ப்பானை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையில் சேர்த்து, ஏற்பானை 2.47 கிலோஓம் தடை வழியாக எதிர்முனையோடு இணைத்து, அடிவாயைத் தொங்கவிட்ட நிலையில் அந்தத் தடையின் குறுக்கே அளக்கும் மின்னழுத்தம் முழுவதும் கசிவால் வருவது. பிறகு அடிவாயை 2.2 மெகாஓம் வழியாக எதிர்முனையோடு சேர்த்தால் ஏறத்தாழ 4 மைக்ரோஆம்பியர் உள்ளே செல்லும். இப்போது கிடைக்கும் அளவிலிருந்து முந்தியதைக் கழித்து 100ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கம் கிடைக்கும். சாதாரண மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் செருகிப் பார்ப்பவர்கள் கசிவையும் பெருக்கத்தோடு கூட்டிப் படித்து, கெட்ட டிரான்சிஸ்டரை அபூர்வமானது என்று கொண்டாடுவது வழக்கம். பாலக்காட்டுக்குரிய பெடலில் கசிவு குறைந்ததையே முதலிடத்தில் வைக்க வேண்டும். பெருக்கம் சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை. ரேடியோவின் முன்பகுதியில் இருக்கும் ஏஎஃப் 114 முதல் 117 வரையிலான வகைகளை இதற்கு எடுக்காமல் இருப்பது நல்லது: அவற்றின் குப்பிக்குள் பூசப்பட்ட வெள்ளீயத்திலிருந்து காலப்போக்கில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் முளைத்து, உள்ளிருக்கும் முனைகளைக் குப்பியோடு ஷார்ட் செய்துவிடுகின்றன.

மின்தேக்கிகளில் உள்ளீட்டுப் பக்கத்திலுள்ள 2.2 மைக்ரோஃபாரட் தனிக் கவனத்துக்குரியது. கிதாரின் மாறும் அலையை உள்ளே விட்டு, நிலையான மின்னழுத்தத்தைத் தடுப்பதே அதன் வேலை. வயதான மின்பகுபொருள் மின்தேக்கி தடுக்க முடியாமல் கசியத் தொடங்கினால், முதல் அடிவாய்க்குச் சேர வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பங்கு கிதாரின் சுருள் வழியாக எர்த்துக்குப் போய்விடும். சுற்று அதை ஈடுகட்ட முயல்வதால் இரண்டாவது ஏற்பானின் அளவு, வெயிலால் ஏறுவதற்கு மாறாக, கீழே இறங்கும். கேபிள் இல்லாத வெறும் மோனோ பின்னைச் செருகி ஒரு முறையும், கிதாரோடு இணைந்த கேபிளைச் செருகி மறு முறையும் அந்த ஏற்பானை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் அந்த மின்தேக்கியை மாற்றலாம். பெடல் இயங்கும்போது மட்டும் கிதாரிலுள்ள வால்யூம் குமிழ் கரகரப்பதும் இதன் அறிகுறியே. ஃபஸ் குமிழைத் திருகியும் ஒலி தடிக்கவில்லை என்றால் உலர்ந்துபோனது 20 மைக்ரோஃபாரட். மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிப் பழைய கார்பன் கலவை மின்தடைகளின் மதிப்பும் மெல்ல ஏறும் என்பதால், 33 கிலோஓமையும் 8.2 கிலோஓமையும் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

மின்னழுத்தங்கள் சரியாக இருந்தும் ஒலி வெளியே வராதபோது, ஒரு கேபிளின் நுனிக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பற்றவைத்து, மறுமுனையைப் பெருக்கியில் செருகி, கிதாரை ஒருவர் மீட்டிக்கொண்டிருக்க, உள்ளீட்டு ஜாக், ஸ்விட்ச், முதல் அடிவாய், ஏற்பான், இரண்டாவது ஏற்பான், வெளியீட்டு மின்தேக்கி, வால்யூம் கன்ட்ரோல் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால், ஒலி கேட்கும் கடைசி இடத்துக்கும் கேட்காத முதல் இடத்துக்கும் நடுவில் பழுது இருக்கும். கண்டுபிடித்த பிறகு பற்றவைக்கும்போது, ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் காலைக் கூர்மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டால் சூடு குறட்டுக்குள் இறங்கிவிடும். நூறு டிகிரிக்குக் கீழேயே கெட்டுப்போகும் பொருளின் அருகே, 183 டிகிரியில் உருகும் ஈயக் கலவையை அதைவிட மிகச் சூடான இரும்பால் கொண்டுபோகிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

ஏற்பானின் அளவு வெயில் காலத்தில் எப்போதும் ஏறியே நிற்குமானால், 8.2 கிலோஓமைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதனிடத்தில் 20 கிலோஓம் பிரீசெட் ஒன்றை வைத்து, பெடல் வாசிக்கப்படும் ஊரின் வெப்பத்திலேயே 4.5 வோல்ட்டுக்குத் திருகி வைக்கலாம். பழமையை அப்படியே காக்க விரும்புவோர் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் ஏப்ரல் மாத மேடையில் ஒலிக்காத பழமையால் இசைக் கலைஞருக்குப் பயன் ஏதுமில்லை. இதைவிட ஆபத்தான மாற்றம், பின்னாளில் யாரோ துளையிட்டுப் பொருத்திய அடாப்டர் சாக்கெட். நேர்முனை எர்த்தான இந்தப் பெடலையும் எதிர்முனை எர்த்தான மற்றப் பெடல்களையும் ஒரே அடாப்டரில் கோத்தால், கேபிள்களின் காப்புறை எல்லாக் கூடுகளையும் ஒன்றாக இணைத்து, அடாப்டரின் இரு முனைகளையும் நேருக்கு நேர் ஷார்ட் செய்துவிடும். அத்தகைய சாக்கெட் உள்ள பெடலுக்குத் தனி அடாப்டரோ பேட்டரியோதான் பாதுகாப்பு. ஜூன் மாதத்தில் எடுத்து வைக்கும்போது உள்ளீட்டுப் பின்னை மட்டும் உருவினால் போதாது, பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.